காண்பதும் கேட்பதும்: நூலும் திரையும் குறித்து ஒரு மதிப்பீடு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரு பாகங்களாகத் திரைக்கு வந்ததையொட்டி, ஒரு பழைய வழக்கு தமிழகத்தில் மீண்டும் உயிர்பெற்றது. நூல் சிறந்ததா, படம் சிறந்ததா என்பதே அவ்வழக்கு. கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் அது பேசப்பட்டது. படித்தவர்கள் பெரும்பாலும் நூலுக்குப் படம் ஈடாகாது என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுகின்றனர். இளைஞர்களோ, ஐந்து பாகங்களை ஐந்தரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்ட பின் நூல் எதற்கு என்று வினவுகின்றனர்.

இவ்விரு தரப்பாரும் ஒன்றை ஆராயாமல் விடுகின்றனர். ஒரு கதை ஏட்டிலிருந்து திரைக்குச் செல்லும்போது அதற்கு நேர்வது என்ன? சில கூறுகள் விடுபடுகின்றன, சில சேர்க்கப்படுகின்றன, நூல் மறைத்து வைத்த சில, படத்தில் வெளிப்பட்டு நிற்கின்றன. இம்மாற்றங்களுள் எது ஏற்கத்தக்கது, எது இழப்பு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் இருந்தாலன்றி, எது சிறந்தது என்னும் கேள்விக்கு விடையளித்துப் பயனில்லை. அத்தகைய அளவுகோல் ஒன்றைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்தியும் கண்கூடும்

நம் மரபில் இதற்கு ஒரு தொடக்கம் உண்டு. கேள்விப்படுவது கண்ணால் காண்பதற்கு நிகராகாது என்னும் கருத்தமைந்த நபிமொழி ஒன்றை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். அதற்குச் சான்றாகக் கூறப்படுவது நபி மூஸா (அலை) அவர்களின் வரலாறு. தம் சமூகத்தார் காளைக் கன்றை வணங்கத் தொடங்கிவிட்டனர் என்பதை அவர்கள் மலையிலேயே இறைவனின் அறிவிப்பால் அறிந்தார்கள். அப்போது கையிலிருந்த பலகைகளை அவர்கள் எறியவில்லை. இறங்கி வந்து கண்ணால் கண்டபோதுதான் பலகைகளைக் கீழே போட்டார்கள். அறிவித்தவன் இறைவன் என்பதால் செய்தியின் உண்மையில் ஐயத்திற்கு இடமே இல்லை. உண்மையில் வேறுபாடு இல்லாதபோதும் விளைவில் வேறுபாடு இருந்தது. ஆகவே, காட்சிக்குத் தனி வலிமை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். படத்தைத் தாழ்த்திப் பேசும் நூற்பற்றாளர் மறந்துவிடுவது இதனைத்தான்.

பஸ்ரா நகரத்துப் பேரறிஞர் அல்-ஜாஹிழும் (இறப்பு ஹி. 255) இதற்குத் துணை நிற்கிறார். தம் 'அல்-பயான் வத்-தப்யீன்' நூலில், பொருளைப் புலப்படுத்தும் வழிகள் ஐந்து என வகுக்கிறார் அவர். சொல், சைகை, விரல்களால் கணக்கிடுதல், எழுத்து, பொருளின் நிலை ஆகியவை அவை. ஐந்தாவதான நிலை என்பது நாவின்றியே பேசுவது. இடிந்த வீடு தன் வரலாற்றைத் தானே சொல்லுவதைப் போன்றது. திரைப்படத்தை அறியாத நூற்றாண்டில் வகுக்கப்பட்ட இப்பகுப்பில் திரைக்கலைக்கு இயல்பாகவே இடம் அமைந்துவிடுகிறது. எழுத்து ஒரு வழி. சைகையும் நிலையும் வேறு வழிகள். ஒன்றன் வேலையை மற்றொன்று எவ்வளவு செம்மையாகச் செய்தது என்று கேட்கலாமேயன்றி, பிறப்பினாலேயே ஒன்று உயர்ந்தது என்று கூறுதல் பொருந்தாது.

மறைத்ததைக் காட்டுதல்

இனி 'பொன்னியின் செல்வ'னுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை அது. வாசகரின் கற்பனைக்கு நூல் முழு உரிமை அளித்தது, படம் அவ்வுரிமையைப் பறித்துவிட்டது என்று பலர் கூறுகின்றனர். இது முழு உண்மையன்று. அத்தொடருக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்கள் வாரந்தோறும் உடன் வந்தன. நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் தோற்றமும் முதல் தலைமுறை வாசகர்க்கு எழுத்தோடு சேர்ந்தே கிடைத்தவை. காட்சி கலவாத தூய எழுத்தாக அந்நூல் ஒருபோதும் வாசிக்கப்படவில்லை எனலாம்.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி உறுதிபடச் சொல்லவில்லை. ஐயத்திற்குரியோர் பலர், பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்வோரும் உளர், ஆயினும் திரை விலகுவதில்லை. வரலாறும் இங்கு முழுமையாகப் பேசுவதில்லை. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சிலரைப் பெயர் சுட்டுகிறது. எவ்வாறு, எதற்காக என்பதைச் சொல்லவில்லை. கல்வெட்டின் அம்மௌனத்தைக் கல்கி தம் கதையின் உயிராக்கிக்கொண்டார். மணிரத்னத்தின் படமோ கரிகாலனும் நந்தினியும் எதிரெதிர் நிற்கும் காட்சியை நம் கண்முன் வைத்து, அவன் தன் சாவைத் தானே வரவேற்பதாக முடிவு கட்டிவிடுகிறது. அக்காட்சி நன்கு நடிக்கப்பட்டதே. ஆயினும் ஐயம் தீர்ந்த இடத்தில் ஐயத்தால் விளைந்த ஆழமும் தீர்ந்துபோயிற்று. நீண்ட கதையைச் சுருக்கியது படத்தின் குறையன்று. நூல் வேண்டுமென்றே மூடி வைத்ததைத் திறந்ததே குறை.

இல்லாததைச் சேர்த்தல்

சேர்த்தல் எல்லாம் தவறு என்றும் கூறவியலாது. பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்த நாவல். அண்ணனைக் கொல்லக் காரணமான நிலவுடைமையாளனைச் சிதம்பரம் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன் வெட்டிவிட்டு ஓடுகிறான். பின்னர்த் தந்தையும் மகனும் கரிசல் காட்டில் தலைமறைவாகத் திரிந்து, இறுதியில் நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர். நாவலின் பெரும்பகுதி அவர்கள் உண்பது, உறங்குவது, பேசுவது, பதுங்குவது ஆகியவற்றாலேயே ஆனது. சாதிப் பெயரை ஆசிரியர் சொல்வதில்லை. கொலையின் சூடு நாள்தோறும் சிறிது சிறிதாகத் தணிந்து, தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான அன்பாக மாறுவதே அதன் கதை.

வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' 2019 அக்டோபரில் வெளிவந்தது. சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதையும், தனுஷுக்குச் சிறந்த நடிகர் விருதையும் பெற்றது. பஞ்சமி நில மீட்பும், காலணி அணிந்த பெண்ணுக்கு நேர்ந்த இழிவும், மக்களைக் குடிசைகளோடு எரித்த கொடுமையும் தந்தையின் இளமைக்காலக் கதையாகப் படத்தில் இடம்பெற்றன. 1892இல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென நிலம் ஒதுக்கிய வரலாறும், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வரலாறும் அக்காட்சிகளின் பின்புலம். இறுதியில் தந்தை மகனுக்குக் கல்வியின் மேன்மையை எடுத்துரைக்கிறார்.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? 'கலீலா வ திம்னா'வின் வரலாறு இங்கு வழிகாட்டும். பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பஹ்லவி மொழி வழியாக எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ கையில் அரபி நூலாயிற்று. மூலக்கதையில், சிங்கத்திற்கும் எருதுக்கும் பகை மூட்டிய நரி தண்டனையின்றித் தப்பிவிடுகிறது. அரபி நூலிலோ திம்னா விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்படும் தனி அத்தியாயம் ஒன்று உள்ளது. அது இப்னுல் முகஃப்பஃ சேர்த்தது என்பதே ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. கதை கேட்டவர் நெஞ்சில் எழும் 'அந்த வஞ்சகன் என்ன ஆனான்?' என்னும் வினாவுக்கு அவ்வத்தியாயம் விடையாயிற்று. சேர்த்தது வெளியிலிருந்து வந்ததாயினும், கதையின் உள்ளிருந்து எழுந்த தேவைக்கு வந்தது. அதனால்தான் அது ஒட்டிக்கொண்டது.

இவ்வளவுகோலால் நோக்கினால் 'அசுர'னின் சேர்க்கை இரு கூறாகப் பிரியும். சிறுவனின் கையில் அரிவாளைக் கொடுத்த கோபம் ஒரு தலைமுறையில் பிறந்ததன்று என்பதைப் பஞ்சமி நிலக் கதை விளக்குகிறது. நாவல் பெயர் சொல்லாமல் விட்டதற்கு வரலாற்றின் பெயரைச் சூட்டியது படம். அச்சேர்க்கை ஏற்கத்தக்கது. ஆனால் தந்தையைத் தனியொருவராகப் பலரை வீழ்த்தும் வீரராக்கியது வேறு தேவைக்காக நேர்ந்தது. 'வெக்கை'யின் தந்தை நம் ஊர்களில் நாம் காணும் எளிய மனிதர். அவருடைய வலிமை மகனைப் பசியறியாமல் காத்ததில் இருக்கிறது. திரையில் அவ்வலிமை கைகால்களுக்கு இடம் மாறிவிட்டது. கதையின் கேள்விக்கு விடையாக வந்த சேர்க்கையையும், நட்சத்திர நடிகரின் தேவைக்கு வந்த சேர்க்கையையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

காட்டாமல் காட்டுதல்

திரைக்கு மறைக்கத் தெரியாது என்று இதுகாறும் கூறியதிலிருந்து எவரேனும் முடிவு கட்டுவாராயின், அதனை மறுக்க வைக்கம் முகம்மது பஷீரின் 'மதிலுகள்' ஒன்றே போதும். திருவிதாங்கூர் ஆட்சிக்கு எதிராக எழுதிச் சிறை சென்ற பஷீர், அவ்வனுபவத்தைத் தம் பெயரிலேயே குறுநாவலாக்கினார். ஆண்கள் சிறைக்கும் பெண்கள் சிறைக்கும் நடுவே உயர்ந்த மதில். மதிலுக்கு அப்பாலிருந்து நாராயணி என்னும் பெண்ணின் குரல் வருகிறது. தான் அங்கே நிற்பதற்கு அடையாளமாக அவள் காய்ந்த சுள்ளியை மேலே எறிகிறாள். இருவரும் பேசிப் பேசி அன்பு கொள்கின்றனர். சிறை மருத்துவமனையில் சந்திக்க நாள் குறித்த நிலையில் பஷீருக்கு விடுதலை வந்துவிடுகிறது. அவ்விடுதலையே அவருக்குத் தண்டனையாகிறது. நாராயணியின் முகத்தை அவரும் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை.

1990இல் வெளிவந்த திரைப்படத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் அம்முகத்தை இறுதிவரை காட்டவில்லை. மம்மூட்டி ஏற்ற பஷீர் மதிலைப் பார்த்துப் பேசுகிறார். நாம் மதிலைப் பார்த்துக் கேட்கிறோம். நூலில் சொல்லாக நின்ற மதில், படத்தில் கல்லாக நின்று கண்ணை மறிக்கிறது. கண்டேயாக வேண்டும் என்னும் வேட்கையைத் தூண்டிவிட்டு அதனை மறுத்ததால், சிறைப்பட்டவரின் நிலை பார்வையாளரின் நிலையும் ஆயிற்று. அல்-ஜாஹிழ் கூறிய ஐந்தாம் வழியாகிய நிலையின் மொழி இதுவே. இங்குப் படம் நூலைப் பின்பற்றியதோடு அமையாமல், நூலால் இயலாத ஒன்றையும் செய்துவிட்டது.

இதிலும் ஒரு குறை சொல்ல இடமுண்டு. நாராயணிக்குக் குரல் கொடுத்தவர் கே.பி.ஏ.சி. லலிதா, கேரள மக்கள் நன்கறிந்த நடிகை. குரலைக் கேட்டவுடன் அவர் முகம் நினைவில் எழுந்துவிடும். முகமற்ற குரலைத் தர எழுத்துக்கு எந்த முயற்சியும் தேவையில்லை. திரைக்கோ அது கடினம். எனினும் மலையாளம் அறியாத நம்மவர்க்கு அக்குறையும் தட்டுவதில்லை.

நம் மண்ணின் கதை

கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் பேருந்தில் ஏறினால் செஞ்சிக் கோட்டை தொலைவில்லை. நூலும் திரையும் என்னும் இவ்வழக்கு நம் வட்டாரத்தோடு நேரடியாகத் தொடர்புறுவது தேசிங்குராஜன் கதையில்தான். செஞ்சியை ஆண்ட இளைஞன் தேஜ்சிங், தந்தை சொரூப்சிங் மறைந்தபின் ஆற்காட்டு நவாப் சஆதத்துல்லாகானுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியைச் செலுத்த மறுத்து, 1714 அக்டோபரில் போரிட்டு மடிந்தான். வரலாறு தருவது இவ்வளவே. கதைப்பாடலோ அதனை உயிருள்ள காவியமாக்கிற்று. அதன் நெஞ்சமாக விளங்குவது மஹ்பத்கானின் நட்பு. தன் திருமணத்தை விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் சென்று உயிர் நீத்த முஸ்லிம் வீரர் அவர். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டிப் பகுதியில் அவருடைய அடக்கவிடம் என மக்கள் இன்றும் ஓரிடத்தைக் காட்டுவர்.

அரபியில் 'மஹாபத்' என்பது மதிப்புக் கலந்த அச்சம். 'மஹப்பத்' என்பது அன்பு. வரலாற்றுப் பெயர் முதற்சொல்லைச் சார்ந்ததாகலாம். கதைப்பாடலைக் கேட்ட மக்கள் உள்ளத்தில் இரண்டாம் சொல்லின் பொருளே பதிந்தது எனின் வியப்பில்லை. ஏனெனில் அப்பாடல் அவருடைய தியாகத்திற்கு நட்பையன்றி வேறு காரணம் தேடவில்லை. எதிரில் நிற்கும் நவாப் தம் மார்க்கத்தவர் என்பதும், அருகில் நிற்கும் நண்பன் அரங்கநாதரை வணங்குபவன் என்பதும் அவருக்குத் தெரியும், பாடியவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். எனினும் எவரும் விளக்கம் கேட்கவில்லை. 1714ஆம் ஆண்டுப் போர் திறைப் பாக்கிக்காக மூண்டதேயன்றிச் சமயத்திற்காக மூண்டதன்று என்பதை, வரலாற்று நூல் பயிலாத நாட்டுப்புற மக்கள் அப்பாடலால் அறிந்திருந்தனர்.

இங்கு நூல் என்பதே பின்னர் வந்த வடிவம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். முதலில் பாடல், பிறகே பெரிய எழுத்துப் பதிப்பு. பாடியவனின் குரலும் கேட்டவர்களின் மறுமொழியும் அச்சில் ஏறவில்லை. திரையால் நூல் இழப்பதைக் கணக்கிடுவோர், அச்சால் பாடல் இழந்ததையும் கணக்கில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.

1960இல் டி.ஆர். ரகுநாத் இயக்கத்தில் 'ராஜா தேசிங்கு' படமாக வந்தபோது, எம்.ஜி.ஆர். தேசிங்காகவும் தாவூத்கான் என்னும் முஸ்லிம் வீரராகவும் இரட்டை வேடம் ஏற்றார். எழுத்தாலும் பாட்டாலும் செய்ய இயலாத காரியம் இது. வாளேந்திய இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒரே முகம் என்பதைத் திரை ஒரு நொடியில் காட்டிவிட்டது. நாட்டுப் பிரிவினையின் புண் ஆறாத காலத்தில் அக்காட்சியின் நன்னோக்கம் போற்றத்தக்கது. ஆயினும் ஒன்று கூறியாக வேண்டும். முகம் ஒன்றானால் உறவு இயல்பாகவே வந்துவிடும். அதற்குத் தியாகம் தேவையில்லை. மஹ்பத்கானின் பெருமையோ, தம் முகமும் வழிபாடும் வேறாக இருந்தபோதும் நண்பனுக்காக உயிர் கொடுத்ததில் இருக்கிறது. ஒற்றுமைக்கு ஒப்புமை வேண்டும் என்று இரட்டை வேடம் நம்மை எண்ண வைக்கிறது. வேறுபாட்டோடும் ஒன்றுபடலாம் என்று கதைப்பாடல் கற்பிக்கிறது. இன்றைய நாட்டுச் சூழலில் நமக்குத் தேவைப்படுவது இரண்டாவது பாடமே.

அளவுகோல்

மேற்கண்ட நான்கு எடுத்துக்காட்டுகளிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். நூலில் உள்ள அனைத்தையும் காட்டியதா என்று திரைப்படத்தை வினவுதல் வீண். அதனிடம் கேட்க வேண்டியவை மூன்று. நூல் மூடி வைத்ததன் காரணத்தை அது உணர்ந்ததா? அது சேர்த்தது கதையின் தேவைக்கா, கடைவீதியின் தேவைக்கா? எழுத்தால் இயலாததைக் காட்சியால் செய்ததா? 'மதிலுகள்' மூன்றிலும் தேறுகிறது. 'அசுரன்' இரண்டாவதில் பாதி வெற்றி பெறுகிறது. 'பொன்னியின் செல்வன்' முதலாவதில் தவறுகிறது. 'ராஜா தேசிங்கு' மூன்றாவதைச் செய்து காட்டி, அதனாலேயே கதையின் உயிர்நிலையிலிருந்து சற்று விலகுகிறது. படத்தால் நூல் அழிந்துவிடும் என்னும் அச்சத்திற்கும் இடமில்லை. 'பொன்னியின் செல்வன்' படமான பின் அந்நூலைத் தேடி வாங்கியோர் பலர்.

ஆனால் தேசிங்கின் கதைப்பாடலை இன்று தேடுவோர் அரிதினும் அரிது. பாடுவோரும் குறைந்துவிட்டனர். செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர், தேசிங்கை அறிந்திருப்பின் அது படத்தின் பாடல்களாலேயே ஆகும். நம் கல்லூரி நூலகங்களும் மத்ரஸா நூலகங்களும் அரபி, பார்சி ஏடுகளைப் பேணுவதோடு நில்லாமல், மஹ்பத்கானைப் பாடிய இத்தமிழ் ஏட்டையும் தேடிச் சேர்த்தல் வேண்டும். இன்னும் பாடத் தெரிந்த முதியோர் இருப்பின் அவர்தம் குரலைப் பதிவு செய்தல் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. கைப்பேசி ஒன்று போதும்.

மூஸா (அலை) அவர்களின் வரலாறு பலகைகள் கீழே விழுந்ததோடு முடிந்துவிடவில்லை. கோபம் தணிந்தபின் அவர்கள் அப்பலகைகளை மீண்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றும், அவற்றில் எழுதப்பட்டிருந்தது நேர்வழியும் அருளுமாக இருந்தது என்றும் திருமறையின் அல்-அஃராஃப் அத்தியாயம் தெரிவிக்கிறது. காட்சி நம்மை உலுக்கட்டும். அது அதன் இயல்பு. உலுக்கல் அடங்கிய பின்னர் ஏட்டைக் கையில் எடுக்கும் பழக்கம் நம் மாணவரிடையே இருக்குமாயின், எது சிறந்தது என்னும் வழக்குக்கே வேலையிராது.